பல மொழி பேசும் மாணவர்கள் குமரிக் கடலில் ஆய்வுக்குப் போவது எப்படி?

மக்களே, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பதினெட்டுப் பேர். தமிழ் பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள், ஒடிசாவிலிருந்து வந்து படிக்கிற இரண்டு பேர், காது கேளாத ஒரு மாணவி, சக்கர நாற்காலியில் வருகிற ஒரு மாணவர். எல்லோரும் சேர்ந்து குமரிக் கடலில் ஒரு ஆய்வுப் பயணம் போகவேண்டும், ஆங்கிலம் தெரிந்தவர்கள் நடத்த மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிற பயணமாக அது ஆகிவிடக் கூடாது, எங்கிருந்து தொடங்குவது, எந்தக் கப்பலைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கப்பலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தீர்மானிக்க வேண்டியது, கடலில் இறங்கின பிறகு யார் எந்த வேலையைச் செய்வார்கள் என்பது. மாணவர் பயணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பெயர்ப் பட்டியலில் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் பதிவுத் தாளும் பேனாவும் ஆங்கிலத்தில் சரளமாக எழுதுகிற மூன்று பேர் கையில் இருக்கும், மிச்சப் பேர் கயிறு இழுப்பார்கள், வாளி தூக்குவார்கள், டீ போடுவார்கள். நான் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவன், அப்பா தூண்டில்காரர். முதல்முறை ஓர் ஆய்வுக் கப்பலில் ஏறினபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மாறுகிறது என்பது தண்ணீரின் நிறத்தையும் சுழியையும் பார்த்தாலே எனக்குத் தெரியும், ஆனால் அதை அங்கே மேசையில் இருந்தவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல என்னிடம் சொல் இல்லை, அவர்களும் கேட்கவில்லை. பதினோரு நாள் வின்ச் என்கிற பளுதூக்கும் எந்திரத்தின் பக்கத்தில் நின்று கயிறு சுற்றிவிட்டு இறங்கினேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் பதினெட்டுப் பேரில் தூத்தூரிலிருந்தோ இனயத்திலிருந்தோ ராஜாக்கமங்கலம்துறையிலிருந்தோ வருகிற பிள்ளைகள் இருந்தால், பேனா முதலில் அவர்கள் கைக்குப் போகட்டும்.

சரி, என்ன ஆய்வு? பெரிதாக ஒன்றும் வேண்டாம், நம் குமரி முனையே நல்ல கேள்வியைத் தருகிறது. வங்கக் கடலின் மேல்மட்டத் தண்ணீரில் உப்புக் குறைவு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் அந்தப் பக்கம்தான் வந்து விழுகின்றன, மழையும் அதிகம். அரபிக் கடலில் ஆவியாவது அதிகம், அதனால் உப்பும் கூடுதல். காற்று ஆண்டுக்கு இரண்டு தடவை திசை மாறுகிறபோது கரையோர ஓட்டமும் மாறும். வடகிழக்குப் பருவக்காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் தெற்கே சுற்றி வந்து மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறும். தென்மேற்குப் பருவத்தில் ஓட்டம் தெற்கு நோக்கித் திரும்பும், அதோடு அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த, ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் மேலே வரும். முனைக்குக் கிழக்கே நான்கு இடம், மேற்கே நான்கு இடம், ஜனவரிக் கடைசியில் ஒரு தடவை, மார்ச் கடைசியில் ஒரு தடவை, அதே எட்டு இடங்களில் உப்பும் வெப்பமும் தெளிவும் அளந்தால் போதும், மாணவர்கள் செய்கிற ஆய்வுக்கு அது தாராளம். ஒரு எச்சரிக்கை: கையில் பிடித்துக் கண்ணில் வைத்து உப்பு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரை நம்பி இறங்காதீர்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் அது பிசகும், நீங்கள் தேடுகிற வித்தியாசமே சில இடங்களில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மின்கடத்துத்திறன் அளக்கிற மீட்டர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி இறுக மூடி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது, விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நேரில் போய்க் கேளுங்கள்.

காலம் பற்றி நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும், முட்டமும் குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கணக்கில் வரும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாள்காட்டி. இதை நீங்கள் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்: ஏப்ரல் பாதிக்குப் பிறகு சின்னமுட்டத்தில் படகுக்காரர்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் கரையில் இருப்பார்கள், கயிறு கட்டவும் மிதவை போடவும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல சமயம் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சின்னப் படகில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு வெளியே போகவே வேண்டாம். ஆனால் அந்த மாதங்களில்தான் அடித்தண்ணீர் மேலே வருகிறது என்பதால், துறைமுக அலைத்தடுப்புச் சுவருக்கு உள்பக்கத்திலிருந்து, பாதுகாப்பான படகுத்துறைத் தளத்திலிருந்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வெப்பம் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற தம்பி இந்தப் பகுதிக்குத் தலைமை ஏற்கலாம். ஒப்புக்குக் கொடுக்கிற வேலை இல்லை இது. நாள்தோறும் விடாமல் எடுத்த ஒரு வரிசை, இரண்டு நாள் கடலில் போய் எடுத்த எண்களைவிடச் சில சமயம் அதிகம் சொல்லும்.

அதற்காக அவரைக் கரையிலேயே விட்டுவிடாதீர்கள். மணலில் தள்ளி அலையில் இறக்குகிற ஃபைபர் வள்ளம் அவருக்கு ஆகாது, ஆனால் படகுத்துறைத் தளம் உள்ள துறைமுகத்தில் ஏறலாம். நம் பக்கம் ஓதம் ஏறி இறங்குகிற உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் தளத்துக்கும் படகுக்கும் இடையே பலகை போடுவது குஜராத் கடற்கரையில் போல அவ்வளவு கஷ்டம் இல்லை. பெரிய கப்பல்களில் வேறு பிரச்சினை: தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஒவ்வொரு கதவுக்கும் உயரமான நிலைப்படி வைத்திருப்பார்கள், ஏணிகள் செங்குத்தாக இருக்கும். ஆனால் இதையெல்லாம் மாற்றிக் கட்ட முடியும் என்று பிரிட்டனில் செய்தே காட்டியிருக்கிறார்கள். லார்ட் நெல்சன் என்று ஒரு பாய்மரக் கப்பல், 1986-ல் கடலுக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஓட்டுவதற்கென்றே வடிவமைத்தது. தட்டுகளுக்கு இடையே லிஃப்ட், நாற்காலி உருளுகிற அகலத்தில் தளம், பார்வையற்றவர் சுக்கான் பிடிக்க வாய்விட்டுச் சொல்லும் திசைகாட்டி, காது கேளாதவரை எழுப்பப் படுக்கையில் அதிரும் பட்டை. அந்த அதிரும் பட்டையை நீங்களும் செய்துகொள்ளலாம், போனில் அலாரம் வைத்து அதிர்வில் போட்டுத் தலையணைக்குள் வைத்தால் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். ஆனால் ஆபத்து மணிக்கு அது மட்டும் போதாது, அந்த மாணவிக்கு ஒரு துணை ஆளைப் பெயர் சொல்லி நியமித்து, தட்டி எழுப்புவது அவர் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.

அந்த மாணவியைப் பற்றி இன்னொன்று. கப்பலின் பின்தளத்தில் வின்ச் ஓடத் தொடங்கினால் யாருக்கும் எதுவும் கேட்காது. அங்கே எல்லோரும் கையாலேதான் பேசுவார்கள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு, கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க வைத்தால் நிறுத்து. சைகையில் வாழ்கிற ஒருவர் அந்த இடத்தில் நம்மைவிடக் கூர்மையாக இருப்பார், கண்ணை எடுக்காமல் பார்க்கிற பழக்கம் அவருக்கு ஏற்கெனவே உண்டு. நான் வேலை செய்த ஒரு பயணத்தில் தண்ணீர்ப் பாட்டில் கட்டின கம்பி உருளையில் சிக்கப்போனதை முதலில் பார்த்துக் கையை நீட்டியவர், காது அவ்வளவாகக் கேட்காத ஓர் இளைஞர்தான். அதனால் கருவி இறக்குகிற இடத்தில் சைகை கொடுக்கிற பொறுப்பை உங்கள் மாணவிக்குக் கொடுங்கள், மற்ற பதினேழு பேரும் அவரிடமிருந்து ஒரு முப்பது சைகை கற்றுக்கொள்ளுங்கள். இந்திய சைகை மொழிக்கென்று டெல்லியில் 2015-ல் தொடங்கின மத்திய நிறுவனம் அகராதி வீடியோக்கள் வைத்திருக்கிறது. அதில் கிடைக்காத கடல் சொற்களுக்கு நீங்களே சேர்ந்து சைகை தீர்மானித்து வீடியோ எடுத்து வையுங்கள். இரவு வேலை என்றால் கையுறை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிற நிறத்தில் இருக்கவேண்டும், இதை மறந்துவிடாதீர்கள்.

இனி பேச்சு மொழி. இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: ஆபத்து நேரத்து மொழி வேறு, ஆய்வு மொழி வேறு. ஆபத்து நேரத்துக்கு ஒரே மொழி. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமே, கப்பலில் எது பணிமொழி என்று முடிவுசெய்து பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்கிறது. அது ஆங்கிலமாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் படகுக்காரர் பேசுகிற மொழி எதுவோ அதுதான் உங்களுக்கு. நம் ஊர்ப் படகு என்றால் தமிழ். பத்துக் கட்டளை போதும்: நில்லு, உட்காரு, கயிறை விடு, உயிர்காப்புச் சட்டை போடு, ஆள் விழுந்துட்டான், இப்படி. ஒடிசா பிள்ளைகள் இரண்டு பேரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிகிற அளவுக்குப் பழகவேண்டும், ஏறுவதற்கு முன்னால் கரையில் வைத்து நடித்துப் பார்க்கவேண்டும். அவர்கள் தனியாக உணர்வார்களோ என்று கவலை வேண்டாம், இப்போது நம் விசைப்படகுகளிலேயே ஒடிசா, வங்காளம், அசாம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். துறைமுகத்தில் அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசச் சொல்லுங்கள்.

ஆய்வு மொழி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட. கள்ளக்கடல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் கரைக்குள் ஏறிவிடும், கள்ளன் மாதிரி. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல்காற்று கிளப்புகிற நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். கேரளத்துக் கரையில் மீனவர்கள் அதற்கு வைத்த பெயரை விஞ்ஞானிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றது, இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கிற, கடல் நிலவரம் சொல்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் ராஜாக்கமங்கலம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்களே, அந்த நாட்களில் இருந்தது இந்தக் கள்ளக்கடல்தான். ஒரு சொல் எல்லா மொழிக்காரர் காதிலும் விழுந்து, விழுந்தவருக்கு அதன் அர்த்தமும் தெரிந்திருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

படகில் வருகிற மீனையும் குறிப்பீர்கள் என்றால், பதிவுத் தாளில் இந்தக் கவனம் வேண்டும். சென்னைப் பிள்ளை வஞ்சிரம் என்று எழுதும், தூத்துக்குடிப் பிள்ளை சீலா என்று எழுதும், நம் பிள்ளை நெய்மீன் என்று எழுதும், மூன்றும் ஒரே மீன். மத்தியும் சாளையும் அப்படித்தான். தாளில் மூன்று மீனாக ஏறிவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அதற்காக உள்ளூர்ப் பெயரை அடித்துவிட்டு லத்தீன் பெயரை மட்டும் எழுதச் சொல்வது அதைவிட மோசம், ஏனென்றால் படகில் நிற்கிறபோது லத்தீன் பெயரைத் தப்பாக எழுதுகிறவர்தான் அதிகம். இப்படிச் செய்யுங்கள்: ஒவ்வொரு மீனுக்கும் ஒரு எண், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், அப்புறம் சொன்னவர் சொன்னபடியே பெயர், அவர் எந்த ஊர்க்காரர் என்பது. எழுதுகிறவர் தனக்கு வருகிற எழுத்தில் எழுதட்டும், தமிழோ மலையாளமோ ஒடியாவோ. அறிவியல் பெயரைக் கரைக்கு வந்த பிறகு புத்தகம் வைத்துப் பார்த்து வேறு நிற மையில் சேர்த்துக்கொள்ளலாம். எண்களை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதவேண்டும், நேரம் இருபத்துநான்கு மணிக் கணக்கில், அலகு கட்டாயம்.

மொழிபெயர்க்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மொழி தெரிந்த பிள்ளை ஒன்று எந்தக் குழுவிலும் இருக்கும், எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள், அரை மணி நேரத்தில் அதற்குத் தலை சுற்றிவிடும். மொழிபெயர்ப்பையும் கடல் காவல் போல முறை வைத்து மாற்றுங்கள், அந்த முறையில் இருக்கிறவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

ஒரு பழைய காட்சியைச் சொல்லவேண்டும். முட்டத்துக்கு வெளியே, ஒரு பிப்ரவரி காலை. ஓட்டத்தை அளக்கிற கருவியைத் தயார் செய்துகொண்டிருந்தோம், பேட்டரி பிரச்சினை, ஒரு மணி நேரம் போய்விட்டது. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், எழுபது வயது இருக்கும், ஒரு கல்லைக் கட்டின தூண்டில் கயிறை இறக்கினார். ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கும், ஒரு முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சை விரலால் எண்ணினார். பன்னிரண்டாவது முடிச்சில் நிறுத்தி, கயிறைச் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, "மக்கா, மேல ஓடுகது ஒரு நீவாடு, அடியில ஓடுகது வேற. பிடிச்சுப் பாரு" என்று என் கையில் கொடுத்தார். கயிறு ஒரு பக்கம் சாய்ந்து இறங்கி, ஆழத்தில் வேறு பக்கம் இழுப்பது விரலில் தெரிந்தது. பிறகு கருவி வேலை செய்தபோது சுமார் இருபது மீட்டர் ஆழத்தில் ஓட்டம் திரும்புவதை அதுவும் காட்டியது. உங்கள் பயணத்துக்கு அப்படி ஒருவரை அழையுங்கள், விருந்தாளியாக இல்லை, ஆசிரியராக, ஆசிரியருக்குக் கொடுக்கிற சம்பளத்தோடு. அந்த முடிச்சுக் கயிறை இன்னொரு காரணத்துக்காகவும் சொன்னேன்: அடுத்த வருடம் பார்வை இல்லாத ஒரு மாணவர் சேர்ந்தால், ஆழம் அளக்கிற வேலை அவருக்குத் தயாராக இருக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சின்னப் படகில் கழிப்பறை இருக்காது. அதற்குப் பயந்து முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வெயிலில் மயக்கம் வரும், எல்லோரும் அதைக் கடல் ஒவ்வாமை என்று நினைப்பார்கள். மூடின கழிப்பறை உள்ள படகாகப் பாருங்கள், இல்லையென்றால் பயணத்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மாதவிலக்கு நாட்களில் வரலாமா என்று யாரும் யாரிடமும் அனுமதி கேட்கிற நிலை இருக்கக் கூடாது. அதிதி பந்த் என்ற கடலியல் அறிஞரும் சுதீப்தா சென்குப்தா என்ற நிலவியல் அறிஞரும் 1983-லேயே அண்டார்க்டிகாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள், சின்னமுட்டத்திலிருந்து பத்து மைல் போக நம் பிள்ளைகளுக்கு என்ன தடை? வாந்தி எல்லோருக்கும் வரும், கடற்கரைப் பிள்ளைகளுக்கும்தான். மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும், படகின் நடுப்பகுதியில் உட்காரவேண்டும், தொடுவானத்தைப் பார்க்கவேண்டும், போனைப் பார்க்கக் கூடாது.

இப்போது கப்பல். சாகர் நிதி, சாகர் சம்பதா, சிந்து சாதனா மாதிரிப் பெரிய ஆய்வுக் கப்பல்களின் அட்டவணை வெகு முன்பே நிரம்பிவிடும், முதல் பயணத்துக்கு அவை உங்களுக்குத் தேவையும் இல்லை. மீன்பிடிப் படகில் மாணவர்களை ஏற்றலாமா என்றால், சும்மா ஏற்றக் கூடாது. அது ஆட்களை ஏற்றிச்செல்லப் பதிவு செய்த படகு இல்லை, ஏதாவது நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது. மீன்வளத் துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இரண்டிலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கல்லூரி பெயரில் காப்பீடு எடுங்கள், ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை அவரவர் அளவில். கூடங்குளம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் கிழக்கே எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சாட்டிலைட் போனை யாராவது இரவல் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். படகில் இருக்கிற விஎச்எஃப் ரேடியோ சுமார் இருபது கடல் மைலுக்கு மேல் நம்பகமாக எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த நம் ஆட்களுக்குச் செய்தி எட்டாமல் போனதில் இந்தத் தூரத்துக்கும் பங்கு உண்டு. நீங்கள் அந்த எல்லைக்குள்ளேயே இருங்கள், கரையில் ஒருவர் நாள் முழுக்க ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கட்டும்.

ஊருக்குள் போய்ப் பேசுகிறபோது முதலில் உங்களிடம் கேட்பது, இது யாருக்காக எடுக்கிற கணக்கு என்றுதான் இருக்கும். இனயத்தில் துறைமுகம் என்றார்கள், பிறகு கன்னியாகுமரியை ஒட்டிய கோவளம் பக்கம் என்றார்கள், முனைக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வெட்ஜ் பேங்க் பகுதியில் எண்ணெய் எரிவாயு என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாரோ வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சந்தேகப்படுவது அவர்கள் தப்பு இல்லை. பங்குப்பேரவை என்கிற கோயில் நிர்வாகக் குழுவிலோ ஊர்க்கமிட்டியிலோ முதலில் உட்கார்ந்து, என்ன அளக்கிறோம், எங்கே வைப்போம், யாருக்குக் கொடுப்போம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசியுங்கள். ஒரு ஆள் தன் அப்பா காலத்திலிருந்து கணிச்சம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களை வைத்துக் குறித்து, வைத்திருக்கிற பார், மீன் கூடுகிற கடலடிப் பாறை, எங்கே என்று சொன்னால், அந்த இடத்தை வரைபடத்தில் போட்டு வெளியிடாதீர்கள். அது அவர் குடும்பத்துச் சோறு. முடிந்த பிறகு அதே மண்டபத்தில் எட்டு இடத்துக் கணக்கையும் வாசித்துக் காட்டுங்கள், வாசிக்கிறது மாணவர்களாக இருக்கட்டும், சைகையிலும் மலையாளத்திலும் சேர்த்து.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவுத் தாளின் வரைவைப் பதினெட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி, ஒரு சனிக்கிழமை சின்னமுட்டத்தில் படகு வந்து மீன் இறக்குகிற நேரத்துக்குப் போய், பத்து மீனுக்கு அதை நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் யாருக்கு நிரப்ப வரவில்லை என்று குறித்து அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.